தோம்பும் ஒப்பாரியும்: கொழும்பில் கிறிஸ்தவ இறையியல் உருவான விதம்

மாளிகாவத்தை முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதி. அங்கிருந்து பஞ்சிகாவத்தையைக் கடந்து புதுக்கடை, ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை என்று வடமேற்காக நடந்தால் இலங்கைக் கிறிஸ்தவத்தின் ஏறக்குறைய எல்லாப் பிரிவுகளையும் ஒரு முற்பகலுக்குள் பார்த்துவிடலாம். ஒல்லாந்தரின் வொல்வெண்டால் ஆலயம், தமிழ் அங்கிலிக்கரின் புனித தோமையார் ஆலயம், அந்தோனியார் திருத்தலம், புனித லூசியாள் பேராலயம் எல்லாம் இந்த ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. எல்லாருக்கும் விவிலியம் ஒன்றுதான். ஆனால் அதை அவர்கள் வாசித்த விதம் ஒன்றல்ல. இந்த வேறுபாடுகளை உரோமை, ஜெனீவா, கன்ரபரி என்ற மூலங்களை மட்டும் கொண்டு விளக்கிவிட முடியாது. அரசு எந்தப் பக்கம் நின்றது, குருவானவர் எந்த நாட்டவர், அயல்வீட்டார் யாரை வணங்கினர் என்பவையும் இங்கு இறையியலைத் தீர்மானித்தன.

போர்த்துக்கேயர் காலத்தில் அரசும் திருச்சபையும் ஒரே கப்பலில் வந்தன. பிரான்சிஸ்கன் துறவிகள் 1543இல் கோட்டே இராச்சியத்துக்கு வந்தார்கள். 1557இல் கோட்டே மன்னன் தர்மபாலன் ஞானஸ்நானம் பெற்றுத் தொன் யுவான் ஆனான். விகாரைகளுக்கு உரிய நிலங்களை அத்துறவிகளுக்கு எழுதிக்கொடுத்தான். அந்தக் கொடை பௌத்தர் நினைவில் இன்றும் காயமாக இருக்கிறது. இதே காலத்தில் எதிர்க்கரையில் வேறொன்று நடந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் கூட்டமாக மதம் மாறினர். அவர்களிடையே பணியாற்றிய அன்றிக்கே அன்றீக்கசு அடிகள் தமிழ் கற்று, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறுநூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். பின்னாளில் வணிகத்துக்காகக் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் வந்த பரதவர் குடும்பங்கள் அந்தத் தமிழ்க் கத்தோலிக்கத்தையும் தங்களோடு கொண்டுவந்தன.

1656இல் கொழும்பு ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கும் கட்டளை 1658இல் வந்தது. ஒல்லாந்தர் கொண்டுவந்த கல்வினியச் சமயம் சுரூபங்களையும் பவனிகளையும் ஏற்காதது. வாசிப்பையும் வினாவிடையையும் நம்பியது. கிராமப் பள்ளிக்கூடமே கோவிலாகவும் பதிவகமாகவும் இருந்தது. ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். ஞாயிறன்று பிரசங்கம் வாசித்தார். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் எழுதினார். தோம்பில் பேரில்லாத பிள்ளைக்கு வாரிசுரிமையை நிலைநாட்டுவது கடினம். அரசுப் பதவி வேண்டுமென்றால் ஞானஸ்நானம் கட்டாயம். ஆகவே மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், வீட்டுக்கு வந்து பழைய தெய்வங்களையே கும்பிட்டார்கள்.

இதை வெறும் போலித்தனம் என்று தள்ளுவது எளிது, அது நியாயமுமல்ல. அரசனுக்குக் கொடுக்கவேண்டியதை அரசனுக்குக் கொடுத்துவிட்டு, குலதெய்வத்துக்குக் கொடுக்கவேண்டியதை அதற்கும் கொடுப்பது இத்தீவின் குடிகளுக்குப் பழகிய ஒழுங்கு. ஒரு சமயத்துக்குள் போனால் மற்றதிலிருந்து முற்றாக வெளியேறவேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பியச் சமயப்போர்களில் பிறந்தது. அந்த எண்ணத்தோடு வந்த போதகர்கள் தோம்பின் பக்கங்களை எண்ணிப் பார்த்து மகிழ்ந்தார்கள். பிறகு ஊருக்குள் போய்ப் பார்த்துத் திகைத்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 1687இல் யோசப் வாஸ் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். கோவாவில் பெனாவுலிம் என்ற ஊரில் 1651இல் கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சேர்ந்திருந்த கோவா ஒரத்தோரியத் துறவிகள் சபை உள்நாட்டுப் பிராமணக் குருக்களால் ஆனது. வெள்ளைக்காரக் குருவானவர் ஒருவர் ஒல்லாந்தர் கண்ணில் படாமல் ஒரு நாள்கூட நடமாடியிருக்க முடியாது. நிறத்தாலும் முகத்தாலும் ஊராரோடு கலந்துபோகக்கூடிய ஒருவருக்கு அது முடிந்தது. பிச்சைக்காரன் வேடத்தில், வெறுங்காலோடு, சில்லாலையில் மறைந்திருந்து இராப்பூசை செய்தார். பிறகு புத்தளம் வழியாகக் கண்டி போனார். போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் 1692இல் சிறைவைக்கப்பட்டார். அவரை விடுவித்து நடமாட விட்டவன் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன். கண்டியில் வைசூரி பரவியபோது ஊரே கைவிட்ட நோயாளரை வாஸ் பார்த்துக்கொண்டது அரசனின் ஆதரவை உறுதியாக்கியது. 1711 சனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார்.

கிறிஸ்தவ அரசு ஒன்று கத்தோலிக்கரை வேட்டையாடியது. பௌத்த அரசு புகலிடம் தந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் வாளோடு வந்த அதே சமயம் இப்போது பிச்சைப்பாத்திரத்தோடு வந்தது. துறவியைப் பார்த்தவுடன் எழுந்து நிற்கும் பழக்கமுள்ள நாட்டில் இந்த இரண்டாவது வருகையே கால் ஊன்றியது.

வாஸ் விதைத்ததற்கு மொழி கொடுத்தவர் யாக்கோமே கொன்சால்வேஸ். 1676இல் கோவாவின் திவார் தீவில் பிறந்தவர். 1705இல் இலங்கைக்கு வந்தார். 1742இல் போலவத்தையில் இறந்தார். தமிழிலும் சிங்களத்திலும் முப்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். ‘தேவ அருள் வேத புராணம்’ என்று விவிலிய வரலாற்றுக்குப் பெயரிட்டவருக்குத் தமது வாசகர்கள் எந்த நூலை எப்படிக் கையில் எடுப்பார்கள் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. ஒல்லாந்தரிடம் அச்சகம் இருந்தது. கொன்சால்வேசிடம் ஓலையும் எழுத்தாணியும் ஏடெழுதுவோரும் இருந்தார்கள். ஏடுகள் வீட்டுக்கு வீடு படியெடுக்கப்பட்டன. தடை செய்யப்பட்ட ஒரு சமயத்துக்கு அது அச்சைவிடப் பாதுகாப்பான வழி.

அவருடைய நூல்களில் மக்களோடு அதிகம் ஒட்டியது ‘வியாகுலப் பிரசங்கம்’. யேசுவின் பாடுகளையும் மரியாளின் துயரத்தையும் சொல்லும் உரைநடை அது. தவக்காலத்தில் அதை வாசிக்கும் முறை பிரசங்கம் செய்வது போன்றதல்ல. குரலை இழுத்து, அழுகையோடு, கேட்போரையும் அழவைத்து வாசிப்பார்கள். தமிழ்ச் சாவீட்டில் பெண்கள் வைக்கும் ஒப்பாரியைக் கேட்ட எவருக்கும் அந்த இராகம் அந்நியமாகப் படாது. சிங்களத்தில் அவர் எழுதியதும் இதே போக்கில் ‘பசன்’ வாசிப்பாக நிலைத்தது. மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் சுரூபங்களை வைத்து நடத்தும் உடக்குப் பாசும், நீர்கொழும்புத் தூவையில் நடக்கும் திருப்பாடுகளின் நாடகமும் இதே மரபின் கிளைகள்.

இது வெறும் வடிவ மாற்றமன்று. இறையியலின் நிறையே இங்கு இடம் மாறியது. ஐரோப்பியப் புரட்டஸ்தாந்தருக்குச் சிலுவை என்பது மனிதன் கடவுளிடம் பட்ட கடன் தீர்க்கப்பட்ட இடம். வழக்காடுமன்ற மொழியில் அது விளக்கப்பட்டது. கொன்சால்வேசின் வாசகர்களுக்குச் சிலுவை ஒரு தாயின் கண்முன்னே பிள்ளை செத்த இடம். குருவானவர் பிடிபடலாம், கோவில் இடிக்கப்படலாம் என்ற நிலையில் வாழ்ந்தவர்கள் அந்தக் கதையில் தங்களைக் கண்டார்கள். உயிர்ப்பு ஞாயிறைவிடப் பெரிய வெள்ளிக்கு இலங்கைக் கத்தோலிக்கர் அதிகம் திரள்வதற்கான காரணங்களில் இந்த நூற்றைம்பது ஆண்டு மறைவு வாழ்க்கையும் ஒன்று. குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் அதிகம். இடைப்பட்ட காலத்தில் செபம் சொல்லிக்கொடுத்தவரும் பாட்டெடுத்தவரும் அண்ணாவியார். கோவில் காரியம் பார்த்தவர் மூப்பர். கூத்துக் கட்டும் ஆசானுக்குத் தமிழில் வழங்கும் ‘அண்ணாவி’ என்ற பட்டத்தைச் சிங்களக் கத்தோலிக்கரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

கொன்சால்வேசை மதுரையின் ராபர்ட் டி நோபிலியோடு ஒப்பிடுவது வழக்கம். ஒப்பீடு பாதிதான் பொருந்தும். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான நோபிலி காவியுடுத்து, பூணூல் அணிந்து, புலால் நீக்கி, உயர்சாதியாரை அடைய முயன்றார். பூணூலும் குடுமியும் சமயச் சின்னமல்ல, சமூக வழக்கமே என்ற அவருடைய வாதத்தை 1623இல் பாப்பரசர் ஏற்றார். 1659இல் உரோமையின் மறைபரப்புப் பேராயம் கிழக்கே போகும் ஆயர்களுக்குத் தந்த அறிவுறுத்தல் அந்நாட்டு மக்களின் வழக்கங்களை மாற்ற முயலவேண்டாம் என்றும், ஐரோப்பிய நாடுகளை அங்கே பெயர்த்துக்கொண்டு போகவேண்டாம் என்றும் சொன்னது. ஆனால் 1744இல் வந்த பாப்பரசரின் ஆணை இந்த இசைவுகளில் பெரும்பகுதியை மூடியது. நோபிலியின் வழி மேலிருந்து யோசித்து அமைத்த உத்தி. ஆகவே மேலிடம் நினைத்தால் நிறுத்த முடிந்தது. கொன்சால்வேசின் வழி கீழே இருந்தவர்களின் பழக்கத்தில் தொற்றிக்கொண்டது. அதை நிறுத்த ஆணை எதுவும் போதுமானதாக இருக்கவில்லை.

ஒல்லாந்தர் பக்கத்திலும் கற்றோர் இருந்தார்கள். 1690இல் நல்லூரிலும் 1696இல் கொழும்பிலும் உள்ளூர்ப் போதகரை உருவாக்கும் செமினறிகள் தொடங்கப்பட்டன. அரசாங்க அச்சகம் 1737இல் முதல் சிங்கள நூலை வெளியிட்டது. 1759இல் கொழும்பில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு பிலிப்பு தெ மெல்லோவின் உழைப்பு. கொழும்புச் செட்டிச் சமூகத்தில் 1723இல் பிறந்த அவர் கிரேக்கமும் எபிரேயமும் அறிந்தவர்; சூடாமணி நிகண்டை விரித்து எழுதிய தமிழ்ப் புலவருமாவார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டிருந்தபோதும், மூலமொழிகளும் செய்யுளும் தெரிந்த ஒரு தமிழர் அதே பணியை மீண்டும் செய்தது பெரிய காரியம். அதற்குரிய மதிப்பைத் தமிழ் விவிலிய வரலாறுகள் அவருக்கு இன்னும் சரியாகக் கொடுக்கவில்லை. 1757இல் அர்ச்சிக்கப்பட்ட வொல்வெண்டால் ஆலயத்தின் தடித்த சுவர்களுக்குள்ளே பதிக்கப்பட்ட கல்லறைக் கற்கள் ஒல்லாந்த அதிகாரிகளுடையவை. தெ மெல்லோவின் மொழிபெயர்ப்பு போய்ச் சேரவேண்டிய தமிழ்ச் சபையோ அந்தச் சுவரளவுக்கு உறுதியாக ஒருபோதும் வளரவில்லை.

இதே ஒல்லாந்தர் காலத்தில்தான் கொச்சிக்கடைக் கதை தொடங்குகிறது. கொச்சியிலிருந்து வியாபாரி வேடத்தில் வந்த அந்தோனியோ என்ற குருவானவர் ஒல்லாந்தர் பிடியிலிருந்து ஓடிவந்தார் என்றும், கடல் ஊரை அரிப்பதைத் தடுத்தால் காப்போம் என்று மீனவர் கேட்டனர் என்றும், அவர் கரையில் சிலுவை நாட்டிச் செபிக்கக் கடல் பின்வாங்கியது என்றும் செவிவழிக் கதை சொல்கிறது. வரலாற்றாய்வாளர் இதை எப்படி எடைபோட்டாலும், கதையின் அமைப்பைக் கவனிக்கவேண்டும். கடலோடு பேசுவது, ஊரைக் காப்பது, காவல் தெய்வமாக அங்கேயே தங்குவது எல்லாம் இக்கரையோரத்துத் தெய்வக் கதைகளின் இலக்கணம். 1822இல் கோவாவிலிருந்து அந்தோனியார் சுரூபம் வந்தது; 1834இல் இன்றைய ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமை முருகனுக்கும் அம்மனுக்கும் உரிய நாளாகவும் இருந்துவிட்டது. செவ்வாய்தோறும் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் அங்கே வருகிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர் யாரிடமும் எந்தச் சபை என்று கேட்பதில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று குண்டு வெடித்த கோவில்களில் இதுவும் ஒன்று. பழுது பார்த்து சில வாரங்களிலேயே மீண்டும் திறந்தார்கள்.

1796இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்தபோது தோம்புச் சமயத்தின் கணக்குத் தீர்ந்தது. ஞானஸ்நானம் பதவிக்கு நிபந்தனையல்ல என்று தெரிந்ததும் பெயரளவுப் புரட்டஸ்தாந்தர் சில பத்தாண்டுகளில் கரைந்துபோனார்கள். கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகளை ஆளுநர் மெயிற்லன்ட் 1806இல் நீக்கினார். அப்போது வெளிச்சத்துக்கு வந்த கத்தோலிக்கரின் தொகை ஆங்கிலேயரையே வியக்கவைத்தது. ஒன்றரை நூற்றாண்டு அரச ஆதரவு ஒல்லாந்தச் சபைக்குத் தராததை ஒன்றரை நூற்றாண்டு தடை கத்தோலிக்கருக்குத் தந்திருந்தது.

புதிய மிஷனறிகள் வேறு பாடத்தோடு வந்தார்கள். மெதடிஸ்தர் 1814இல் வந்து 1816இல் புறக்கோட்டையில் ஆலயம் எழுப்பினர். அதே ஆண்டுகளில் ஜிந்துப்பிட்டியில் தமிழருக்கென்று புனித தோமையார் ஆலயம் கட்டப்பட்டது. தஞ்சாவூர்ச் சுவார்ட்சு ஐயரின் மாணவரான கிறிஸ்டியன் டேவிட் இலங்கையில் பணியாற்றி, 1824இல் கல்கத்தாவில் ஆயர் ஹீபரால் அங்கிலிக்கக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆசியர் ஒருவருக்கு அச்சபையில் அது கிடைத்தது அரிய நிகழ்வு. ஆயினும் சபையின் கணக்கும் கட்டளையும் வெள்ளையர் கையிலேயே இருந்தன.

யார் குருவானவர் என்ற அந்தக் கேள்வி கத்தோலிக்கரிடையே மிகக் கூர்மையாக வெடித்தது. போர்த்துக்கல் அரசு 1834இல் துறவற சபைகளைக் கலைத்தது. வாசும் கொன்சால்வேசும் சேர்ந்திருந்த ஒரத்தோரியமும் அதோடு முடிந்தது. அந்த வெற்றிடத்துக்குள் உரோமை அனுப்பிய ஐரோப்பிய மிஷனறிகள் வந்தனர். அமலமரித் தியாகிகள் சபையினர் 1847இல் வந்து பள்ளிகளையும் பெரிய ஆலயங்களையும் எழுப்பினர். ஆனால் பல குடும்பங்கள், ஒல்லாந்தர் காலத்தில் சமயத்தைச் சாகாமல் காத்தவர்கள் கோவாக் குருக்களே என்று நினைத்தன. அவர்கள் ஏன் விலகவேண்டும் என்று கேட்டன. போர்த்துக்கல் மன்னருக்கு இருந்த ‘பதுரவாதோ’ என்ற மறைக்காப்புரிமை அவர்களுக்குச் சட்ட வாதமாயிற்று. 1886இல் உரோமையும் போர்த்துக்கலும் செய்த உடன்படிக்கையால் இலங்கையில் கோவாவின் அதிகாரம் முடிவுக்கு வந்தது.

புதுக்கடை நல்ல மரண மாதா ஆலயத்தை மையமாகக் கொண்ட ஒரு கூட்டம் இதை ஏற்கவில்லை. அவர்களின் முன்னணியில் நின்றவர் கோவாவிலிருந்து வந்த மருத்துவர் லிஸ்போவா பிந்தோ. 1893இல் கொழும்பு அச்சுத் தொழிலாளர் சங்கத்தைத் தலைமைதாங்கியவரும் அவரே. அக்கூட்டம் செய்த காரியம் திருச்சபை வரலாற்றிலேயே வினோதமானது. உரோமையை விட்டாலும் ஆயர் வேண்டும், திருநிலைத் தொடர்ச்சி அறுபடக்கூடாது என்று அவர்கள் கேரளத்தின் மலங்கரைச் சிரிய மரபினரை நாடினர். கோவாக் குருவான அல்வாரிஸ் 1889இல் கோட்டயத்தில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1892இல் அல்வாரிசும் கேரள ஆயர்களும் சேர்ந்து புதுக்கடை ஆலயத்தில் ரெனே விலாத் என்ற அமெரிக்கப் பாதிரியாரை ஆயராக்கினர். இந்த விலாத்தான் 1921இல் சிக்காகோவில் ஜோர்ஜ் அலெக்சாண்டர் மக்குவயரை ஆயராக்கினார். மக்குவயர் கறுப்பினத்தாருக்கென்று ஆபிரிக்க ஒதடொக்ஸ் சபையை நிறுவியவர். வெள்ளையர் ஆயத்துவத்துக்கு அடங்காத ஒரு சபை அமெரிக்காவில் தனது திருநிலைத் தொடர்ச்சியைக் கொழும்பின் புதுக்கடையிலிருந்து பெற்றது. புதுக்கடைக் கூட்டம் நாளடைவில் சிதைந்தது. ஆனால் நிறமும் அதிகாரமும் பற்றி அவர்கள் எழுப்பிய கேள்விக்கு மறுமொழி அந்நூற்றாண்டில் வரவேயில்லை.

கொட்டாஞ்சேனையில் இன்னொரு வகை வாசிப்பும் நடந்துகொண்டிருந்தது. தீபதுத்தாராம விகாரையின் மிகெட்டுவத்த குணானந்த தேரர் விவிலியத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தவர். 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் மெதடிஸ்தப் போதகர் டேவிட் டி சில்வாவோடு இரண்டு நாள் வாதிட்டார். நியாயாதிபதிகள் முதலாம் அதிகாரத்தில், கர்த்தர் யூதாவோடு இருந்தும், பள்ளத்தாக்குக் குடிகளிடம் இருப்பு இரதங்கள் இருந்ததால் அவர்களைத் துரத்த முடியவில்லை என்று வருகிறது. இலங்கையில் பேய்க்குக் காவலாக இரும்பு வைப்பது வழக்கம். இரும்புக்கு அஞ்சுவது யார் என்று கூட்டத்தையே தேரர் நினைக்கவிட்டார். யாத்திராகமத்தில் சிப்போராள் மகனுக்கு விருத்தசேதனம் செய்து இரத்தம் காட்டியதும் கடவுளின் கோபம் தணிகிறது. பலி கேட்கும் பேயின் செயல் இதுவல்லவா என்றார். மிஷனறிகளுக்கு அது நிந்தனை. கேட்டிருந்த ஆயிரக்கணக்கானோருக்கு அது தெளிவான உரை விளக்கம். ஒவ்வொரு வாசகனும் தன் வீட்டு அறிவைக் கொண்டே வாசிக்கிறான் என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று கிடைப்பது அரிது.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் அதே நூலை வேறு திசையில் திருப்பினார். மெதடிஸ்தப் போதகர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் அவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளியானது. 1854இல் அவர் எழுதிய ‘சைவ தூஷண பரிகாரம்’ விவிலியத்தைக் கேலி செய்யவில்லை, சாட்சிக்கு அழைத்தது. பலி, தூபம், விளக்கு, சுத்திகரிப்பு நீர், குருவின் உடை என்று லேவியராகமத்தில் கடவுளே விதித்தவையும் சைவ ஆகமக் கிரியைகளும் ஒரே வகையின என்று காட்டி, அங்கே புனிதமானது இங்கே எப்படி மூடத்தனம் ஆகும் என்று கேட்டார். கோவில் பண்பாட்டுக்குள் பிறந்தவருக்குப் பழைய ஏற்பாடு மிஷனறிகளைவிட நன்றாக விளங்கியது. புரட்டஸ்தாந்தர் அவசரமாகத் தாண்டிப்போன அதிகாரங்களை நிறுத்தி வாசித்தவர் ஒரு சைவர்.

வாதங்கள் தெருவுக்கு வந்த நாள் 1883 மார்ச் 25. தீபதுத்தாராமத்தின் புதிய புத்தர் சிலையை ஒட்டிய பெரஹெரா ஒன்று உயிர்ப்பு ஞாயிறன்று புனித லூசியாள் பேராலயப் பக்கமாக வந்தபோது கைகலப்பு மூண்டு, பௌத்தர் ஒருவர் உயிரிழந்தார். அதையொட்டி எழுந்த முறையீடுகளின் விளைவாக 1885இல் வெசாக் பொது விடுமுறையானது. பௌத்தக் கொடி அதே ஆண்டு கொட்டாஞ்சேனையில் ஏற்றப்பட்டது. கொடி, குடை, மேளம், விளக்கு, அலங்கரித்த உருவம் என்று பௌத்தரின் பெரஹெராவும் கத்தோலிக்கரின் பவனியும் ஒரே வார்ப்பில் இருந்தன. வேறுபட்டவர்கள் மோதிக்கொண்டதாகச் சொல்வதைவிட, ஒரே தெருவையும் ஒரே பவனி மரபையும் உரிமை கோரிய இருவர் மோதினார்கள் என்பதே பொருத்தம்.

இருபதாம் நூற்றாண்டில் கொழும்பு மிஷனறிகளை அனுப்பும் ஊராகவும் ஆனது. திருச்சூர்ப் பக்கத்தில் பிறந்து சிறுவயதிலேயே இலங்கைக்கு வந்த இராமன்குட்டி கிறிஸ்தவராகிப் பாஸ்டர் போல் ஆனார். அவர் 1920களின் தொடக்கத்தில் நிறுவிய சிலோன் பெந்தெகொஸ்தே சபையின் ஊழியர்கள் மணம் செய்வதில்லை, வெள்ளையுடை உடுப்பார்கள், விசுவாச வீடுகளில் கூடி வாழ்வார்கள், சொத்தும் சம்பளமும் இல்லை, மருந்தும் எடுப்பதில்லை. சபையார் தரையில் பாய்விரித்து அமர்வார்கள். அமெரிக்கப் பெந்தெகொஸ்தேயில் ஊழியருக்குத் துறவு கிடையாது. இச்சபை தன் வாழ்க்கைக்கு அப்போஸ்தலர் நடபடிகளை ஆதாரம் காட்டும். ஆனால் அந்நூலில் துறவு வாழ்வைக் கண்டெடுத்த கண்கள் மடங்களையும் ஆச்சிரமங்களையும் பார்த்து வளர்ந்தவை. இந்து, பௌத்தப் பண்பாட்டை முற்றாக மறுப்பதாகச் சொல்லும் சபையே அதன் துறவு இலட்சியத்தை யாரையும்விட முழுமையாக ஏற்றிருக்கிறது. அது தமிழ்நாட்டுக்கும் பிறகு மேற்குலகுக்கும் பரவியது.

கற்றோர் இதே காலத்தில் எழுதத் தொடங்கினார்கள். யாழ்ப்பாண மெதடிஸ்தரான டி. டி. நைல்ஸ் 1948இல் ஆம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்கக் கூட்டத்தில் பிரசங்கம் செய்தவர். மிஷனறிகள் நற்செய்தியைச் சட்டியில் நட்ட செடியாகக் கொண்டுவந்தார்கள்; சட்டியை உடைத்து ஊர்மண்ணில் நடவேண்டும் என்ற அவருடைய உவமை உலகெங்கும் மேற்கோளாயிற்று.

வெள்ளவத்தைப் பக்கம் ஹவ்லொக் வீதியிலுள்ள சமய உரையாடல் நிலையத்தை வளர்த்த லின் டி சில்வா அந்தச் சட்டியை உண்மையாகவே உடைத்துப் பார்த்தார். பௌத்தரிடம் நிலையான ஆன்மாவைப் பற்றிப் பேசினால் முதற்படியிலேயே உரையாடல் நின்றுவிடும். எபிரேய விவிலியத்தின் மனிதன் மண்ணும் மூச்சுமானவன். அழியாத ஆன்மா என்பது கிரேக்கர் சரக்கு. ஆகவே பௌத்தரின் அனாத்மக் கொள்கை விவிலியத்துக்குப் பகையல்ல, துணை என்று 1970களில் வாதிட்டார். சிங்களச் சூழலில் இது துணிவான திறப்பு. ஆனால் வெள்ளவத்தையின் தமிழ்க் கிறிஸ்தவரின் அயலார் சைவர்கள். சைவ சித்தாந்தத்தில் பசு எனப்படும் ஆன்மா அநாதி. ஆன்மா உண்டா என்பது அங்கே வழக்கே இல்லை, அது படைக்கப்பட்டதா என்பதே வழக்கு. ஒரே தெருவில் ஒரே விவிலியத்தை வைத்து இரண்டு வேறு இறையியல்கள் வேண்டியிருந்தன. சிங்களச் சூழலுக்கு முதலாவது எழுதப்பட்டது. அதற்கு ஈடான இரண்டாவது கொழும்புத் தமிழில் எழுதப்படவில்லை. 1956இன் சிங்கள மொழிச் சட்டத்துக்குப் பின்னும் 1983இன் இனவன்முறைக்குப் பின்னும் அச்சமூகத்தின் சிந்தனை உயிர்பிழைப்பதிலும் புலம்பெயர்வதிலும் செலவானது.

மருதானை டீன்ஸ் வீதி மாளிகாவத்தைக்கு அருகே உள்ளது. அங்கே 1971இல் சமூக சமய நிலையத்தைத் தொடங்கியவர் அமலமரித் தியாகிகள் சபையின் திஸ்ஸ பாலசூரிய அடிகள். ‘மரியாளும் மனித விடுதலையும்’ என்ற அவருடைய நூல் 1990இல் வந்தது. பலகோடிப் பேர் வேறு சமயத்தில் பிறந்து வாழும் ஆசியாவில், ஞானஸ்நானம் இல்லாதோர் அனைவரும் சென்மப் பாவத்தில் அழிவர் என்ற பொருளில் கோட்பாட்டைச் சொல்ல முடியுமா என்று கேட்டது. மரியாளைப் பணிந்த கன்னியாக மட்டுமன்றித் துணிந்த ஏழைத் தாயாக வாசித்தது. உரோமை 1997 சனவரியில் அவரைச் சபைநீக்கம் செய்தது. ஓராண்டில் அதை நீக்கிக்கொண்டது. கொன்சால்வேசின் மரியாளும் பாலசூரியவின் மரியாளும் நெருங்கிய உறவினர். முன்னவரை ஒல்லாந்தர் தடுத்தனர், பின்னவரை உரோமை.

களனியில் துலான ஆய்வகத்தை நிறுவிய அலோசியஸ் பீரிஸ் அடிகள் இன்னும் ஒரு படி போய், பண்பாட்டுமயமாக்கல் என்ற திட்டத்தையே ஐயுற்றார். விகாரை விளக்கையும் தாமரையையும் பீடத்தில் வைப்பது அயலார் சமயத்தின் பொருள்களை எடுத்துக்கொள்வதாகும். ஆசியாவின் ஏழ்மையிலும் சமயங்களிலும் திருச்சபையே முதலில் மூழ்கி எழவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அந்த ஐயம் வீணானதல்ல. கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டவரைவு 2004இல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, கிறிஸ்தவர் உள்ளூர்க் கோலம் பூணுவது ஆள்பிடிக்கும் தந்திரமே என்ற குற்றச்சாட்டு பரவலாக ஒலித்தது. 1557இன் நிலக்கொடையை மறக்காத சமூகத்திடம் நல்லெண்ணத்தை எளிதில் எதிர்பார்க்க முடியாது.

2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் யோசப் வாசைப் புனிதராக அறிவித்தார். அன்றே மடு மாதா திருத்தலத்துக்கும் போனார். விழா மலர்கள் வாசின் வீரத்தைப் பாடின. அவருக்குப் பின் வந்து மக்களின் வாயில் மொழியை வைத்த கொன்சால்வேசைக் குறித்து அவ்வளவு பேச்சு எழவில்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இறையியல் கற்பிக்கும் தமிழர் ஐரோப்பிய நூல்களில் தொடங்கிப் பிறகு உள்ளூர்ப் பண்பாட்டைத் தேடிப்போகும் வரிசையைத் திருப்பி, ‘வியாகுலப் பிரசங்க’த்தை முதற் பாடமாக வைக்கவேண்டும்.